சில்லறை அடித்த விசில்

புதுவாழ்வு நகருக்குப் பெயர் வைத்த ஆளைத் தேடிப் பிடித்து ஒரு வாரம் அங்கேயே குடிவைக்க வேண்டும் என்பது அமலோற்பவத்தின் நெடுநாள் ஆசை. ஆற்றோரத்தில் இருந்தவர்களையெல்லாம் லாரியில் ஏற்றி வந்து, ஊரின் கடைசி மேம்பாலத்தையும் தாண்டி எட்டு மாடிக் கட்டடங்களில் அடுக்கிவிட்டு, சாலையோரம் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பலகைக்குப் பக்கத்தில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. இப்போது பலகை மட்டும்தான் இருக்கிறது.

நிறுத்தத்தை எடுத்தது மனிதர்கள் இல்லை. ஆளில்லா பஸ்கள் வந்த பிறகு எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் போவது என்பதை அந்த பஸ்களே முடிவுசெய்தன. போனில் எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கும். கூப்பிடுவது குறைந்தால் அந்த நிறுத்தத்தைக் கழித்துக் கட்டிவிடும். ஏ பிளாக்கிலிருந்து மட்டும் நாற்பது பெண்கள் வேலைக்குப் போகிறவர்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து எதிர்வீட்டு மும்தாஜ் ஒருத்திதான் தன் போனில் தட்டுவாள். வரப்போவது ஒரே பஸ், எல்லோரும் ஏறப்போகிறோம், ஆளாளுக்கு எதற்குத் தட்டிக்கொண்டு என்று நியாயமாகத்தான் நினைத்தார்கள். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் ஏறியவர்களை எண்ணவும் யாரும் இல்லை. ஆக, பஸ்ஸைப் பொறுத்தவரை புதுவாழ்வு நகரில் ஒரே ஒரு பெண்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள். அவளுக்காக நிற்பது வீண் என்று அது முடிவுசெய்துவிட்டது.

விஷயம் புரிந்து நாற்பது பேரும் போனை எடுத்தபோது நிறுத்தம் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து கூப்பிட முடியாது. கூப்பிட்டால்தான் பட்டியலில் வரும். இதற்கு மேல் அதில் பேச என்ன இருக்கிறது?

மற்ற பெண்கள் மேம்பாலத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தம் வரை லாரிகளுக்கு நடுவே நடந்தார்கள். அமலோற்பவமும் நடந்தாள். அவள் புருஷன் சவரிமுத்துவால்தான் நடக்க முடியாது. இருபது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்த மனுஷன். பஸ்ஸிலிருந்து கண்டக்டரை இறக்கிவிட்ட அடுத்த வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சு குழறியது. பெரியாஸ்பத்திரிக்கு வாரா வாரம் கூட்டி வந்து பயிற்சி கொடுத்தால் பேச்சும் நடையும் தேறும், ஆனால் நாள் தள்ளத் தள்ள கஷ்டம் என்று சொல்லியிருந்தார்கள். ஆட்டோக்காரர்கள் புதுவாழ்வு நகர் என்றாலே போனை வைத்துவிடுவார்கள். வாசலில் ஓடும் பஸ் நிற்காத ஒரே காரணத்தால், மனுஷன் கட்டிலில் கிடந்து கல்லாகிக்கொண்டிருந்தார்.

"கூட்டிட்டு வர முடியலைன்னா வீட்லயே ஊதச் சொல்லுங்க. உதட்டுக்கு வேலை குடுக்கணும். விசில் அடிக்கச் சொல்லுங்க" என்றாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண்.

சும்மா விசில் அடி என்றால் யார் அடிப்பார்கள்? அமலு சமையல் வேலை பார்க்கும் வீட்டில் மொட்டைமாடியில் கூண்டு கட்டி காக்டீல் என்ற கிளிச்சாதிப் பறவைகள் வளர்த்து விற்றார்கள். சாம்பல் உடம்பு, தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. அதில் ஒரு குஞ்சுக்குக் கால் கோணல். அதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் அமலு கேட்டு வாங்கி, முந்தானைக்குள் வைத்து எடுத்து வந்தாள்.

"யோவ், எந்திரி. இதுக்கு விசில் கத்துக் குடு. சின்ன வயசுலயே பழக்குனாத்தான் புடிச்சிக்குமாம்."

சவரிமுத்து பறவையைப் பார்த்தார். அவர் முகத்தின் நல்ல பக்கம் சிரித்தது. அதன் கொண்டையை ஒரு விரலால் தடவிவிட்டு "சி... சில்ல...ற" என்றார். பை நிறையச் சில்லறையோடு அலைந்த ஆளுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? பிறகு உதட்டைக் குவித்தார். காற்று வலது ஓரமாக ஒழுகியது, கூடவே எச்சிலும். மறுபடியும் முயன்றார். பஞ்சரான டயர் போலப் புஸ் என்று ஒரு சத்தம் வந்தது. எழுபத்தெட்டாம் நம்பர் பஸ்ஸில் பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டே அவர் அடிக்கும் விசிலுக்கு மூன்று தெரு நாய்கள் எழுந்து நிற்கும். அந்த வாய் இது. சவரிமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அமலுவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நீ அடிக்கலனா போ. நான் அடிக்கிறன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு விசில் அடித்துப் பழக்கமில்லை. பத்து வயதில் ஒரு முறை அடித்திருக்கிறாள். பொட்டப்புள்ளைக்கு விசில் கேக்குதா என்று அத்தை வாயிலேயே ஒன்று வைத்தாள். உதடு வீங்கி ரெண்டு நாள் சாப்பிட முடியவில்லை. அதோடு விட்டவள், நாற்பத்தேழு வயதில் கூண்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து உதட்டைக் குவித்தாள். மும்தாஜ் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அமலுக்கா, அடுப்பு ஊதுறியா?" என்று கேட்டாள்.

சவரிமுத்துவின் விசிலை அமலு தன் குரலைவிட நன்றாக அறிவாள். நிறுத்துவதற்கு நீளமாக ஒன்று. முடிகிற இடத்தில் வால் மாதிரி சட்டென்று கீழே இறங்கும். கிளம்புவதற்குச் சின்னதாக ரெண்டு. அவள் நீள விசிலைப் பிடித்துக்கொண்டாள். முதலில் காற்று, பிறகு கீச்சு, பிறகு ஒரு நாள் உண்மையாகவே விசில். ஆனால் வால் இறங்கவில்லை. கட்டிலிலிருந்து டொக் என்று ஒரு சத்தம். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சவரிமுத்து இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். தப்பு என்று அர்த்தம். அவள் மறுபடி அடித்தாள். டொக். மறுபடி. டொக். "அப்படின்னா நீயே அடிச்சுக் காட்டேன்யா!" என்று கத்தினாள். அவர் காட்டவில்லை, தட்டுவதையும் நிறுத்தவில்லை. ஒரு நாள் தட்டல் வரவில்லை. அமலு திரும்பிப் பார்த்தபோது மனுஷன் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

காலையில் இரை தின்று முடித்து உற்சாகமாக இருக்கும் நேரம் பார்த்து, அதே விசிலைத் திரும்பத் திரும்பப் பறவைக்குச் சொன்னாள். வேறு எதையும் கலக்கவில்லை. சில்லறை தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்கும். கேட்டுவிட்டு இறகு கோதப் போய்விடும். பல நாள் இதே கதைதான். பிறகு மதியத் தூக்கத்தில் தனக்குள்ளேயே முணுமுணுக்க ஆரம்பித்தது. துண்டு துண்டாக, ஒன்றும் சேராமல், பாடம் மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி. ஆனால் அமலு எதிரே உட்கார்ந்து "அடிடா ராசா" என்று கெஞ்சினால் மூச்சு விடாது. அவள் விரலில் தலையைக் கொடுத்துச் சொறியச் சொல்லும், அவ்வளவுதான்.

"இது ஊமைக் குருவி, அக்கா. உன்னை ஏமாத்திட்டாங்க" என்றாள் மும்தாஜ்.

அன்று காலை சவரிமுத்துவுக்குக் காற்றாடட்டுமே என்று கட்டிலை பால்கனிப் பக்கம் நகர்த்தி, கூண்டையும் அங்கே மாட்டிவிட்டு அமலு வேலைக்குக் கிளம்பினாள். முதல் மாடி பால்கனி, நேர் எதிரே சாலை. மற்ற பெண்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் சாலையோரம் நடந்து, தண்ணீர்த் தொட்டியின் தூணைத் தாண்டினாள். தூண் மறைத்த அடுத்த நொடி பின்னாலிருந்து விசில்.

நீளமாக ஒன்று, வாலோடு.

அமலுவின் கால் தானாக நின்றுவிட்டது. புருஷன்தான் எழுந்துவிட்டார் என்று நினைத்தாள். திரும்புவதற்குள் மறுபடி விசில். பறவை! கூண்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இறக்கையை அகட்டிக்கொண்டு, என்னை விட்டுவிட்டு எங்கே போகிறாய் என்று கேட்கிறது. அவளைப் பார்க்க முடியாமல் போனால்தான் அதற்கு விசில் வரும். எதிரே உட்கார்ந்து கெஞ்சியதெல்லாம் வீண்.

அவள் சிரிக்க ஆரம்பித்தபோதுதான் பக்கத்தில் காற்று ஊதுகிற சத்தம் கேட்டது. நீல நிற ஆளில்லா பஸ், புதுவாழ்வு நகரை ஏறிட்டும் பார்க்காமல் தினமும் பறக்கிற அதே பஸ், அவள் தோளை உரசுகிற மாதிரி வந்து நின்றிருந்தது. கதவு திறந்தது.

முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மும்தாஜ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். எல்லோரும் ஓடி வந்தார்கள். ஏறி உட்கார்ந்த பிறகும் பஸ் கிளம்பவில்லை. யாருக்கோ காத்திருப்பது போல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பிறகு, "காத்திருப்பு நேரம் முடிந்தது" என்று ஒரு குரல் சொல்லிவிட்டுக் கிளம்பியது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அது ஒரு ஏற்பாடாகிவிட்டது. பஸ் பாலத்திலிருந்து இறங்குவது தெரிந்ததும் மும்தாஜ், "அக்கா, ஒளிஞ்சிக்கோ!" என்பாள். அமலு தூணுக்குப் பின்னால் போய் நிற்பாள். பால்கனியிலிருந்து சில்லறை உயிரே போகிற மாதிரி விசில் அடிக்கும். பஸ் நிற்கும். மனிதர்கள் பஸ்ஸைப் பார்த்து விசில் அடிப்பது குற்றம் என்று கம்பத்துக்குக் கம்பம் எழுதி வைத்து, கேமராவும் வைத்திருந்தார்கள். யார் வாய் குவிகிறது என்று அந்தக் கேமரா பார்க்கும், அடித்தவரின் குடும்பத்துக்கே ஒரு வருஷம் பஸ்ஸில் ஏறத் தடை. நாற்பது பெண்களும் வாயை இறுக மூடிக்கொண்டு பத்தினித் தெய்வங்கள் மாதிரி நின்றார்கள்.

பயிற்சி நாளான வியாழக்கிழமை சவரிமுத்துவை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். கோணிய வாயைத் துண்டால் மூடிக்கொண்டுதான் வந்தார். ஆனாலும் வந்தார். பெரியாஸ்பத்திரிப் பெண் அவர் கன்னத்தைப் பிடித்து உருட்டி, நாக்கை நீட்டச் சொல்லி, திட்டி, தட்டிக் கொடுத்தாள். நாலைந்து வாரத்தில் அவர் 'தண்ணி' என்று கேட்டது தண்ணி என்றே கேட்டது. அமலு அன்றைக்கு அவருக்கு வேண்டாத இடத்திலெல்லாம் தண்ணீர் வைத்தாள்.

எத்தனை நாளைக்குப் பொறுப்பார்கள்? ஒரு காலை பஸ் நிறுவனத்திலிருந்து ரெண்டு பேர் ஒரு எடுபிடி ஆளோடு வந்தார்கள். ஒருவர் துணை மேலாளர் ரகுநந்தன். படி ஏறியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டவர், கடைசி வரை விடவில்லை. இன்னொருத்தி பார்கவி, பஸ்ஸின் மூளையைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர். முப்பது வயது இருக்கும். வந்ததும் நேரே கூண்டிடம் போனாள்.

"இதுதானா அது?" என்று கேட்டுவிட்டு, கட்டிலில் இருந்தவரைப் பார்த்தாள். "பஸ்ல பதிவானது கண்டக்டர் விசிலாச்சே. சார் கண்டக்டரா? எந்த ரூட்?"

"எழுபத்தெட்டு" என்றாள் அமலு.

பார்கவி மெல்ல உட்கார்ந்தாள். "அப்போ எங்க பஸ்ஸுக்கு இவரும் ஒரு வாத்தியார், அம்மா. ஆளில்லா பஸ் விடுறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் பழைய பஸ்ல எல்லாம் கேமராவும் மைக்கும் வச்சோம். மெஷின் பார்த்துப் பார்த்துத் தானே கத்துக்கிச்சு. விசில் கேட்டா நிக்கணும், ரெட்டை விசில் கேட்டா கிளம்பணும். யாரும் சொல்லிக் குடுக்கலை. அதுவா புடிச்சிக்கிச்சு."

"அதான் நின்னதும் காத்துகினு கீதா?" என்று கேட்டாள் அமலு.

"ஆமா. ரெட்டை விசில் வருமானு பார்க்கும். வரலைன்னா கொஞ்ச நேரம் கழிச்சுக் கிளம்பிடும்."

"அந்தப் பழக்கத்தை ஏன் நீங்க எடுக்கலை?" என்றாள் வாசலில் நின்ற மும்தாஜ்.

"எடுத்தா நிக்கிறதையே மறந்துடும். சிக்னல், குறுக்க ஓடுற குழந்தை, எல்லாமே அதுக்கு மேலதான் கத்துக்கிச்சு. அடிச்செங்கல்லை உருவ முடியாது. ஸ்பீக்கர்ல விசில் போட்டா நம்பாதேனு சொல்லி வச்சிருக்கோம். உயிருள்ள தொண்டையானு பார்க்கும். மனுஷங்களுக்குச் சட்டம் போட்டாச்சு. பறவையை யாரும் நினைச்சுப் பார்க்கலை."

ரகுநந்தன் தொண்டையைக் கனைத்தார். "பொதுப் போக்குவரத்துக்கு இடைஞ்சல். பறவையை எடுத்துட்டுப் போறோம்."

"எடுத்துட்டுப் போங்க சார்" என்றாள் அமலு. "நிறுத்தத்தைக் குடுத்துட்டுப் போங்க."

"அதுக்கு போதிய கோரிக்கை இருக்கணும்மா. இங்க யாரும் கூப்பிடறதே இல்லையே."

"எங்க நின்னு கூப்புடறது? நாப்பது பொம்பளைங்க தெனம் உங்க பஸ்ஸுக்கு முன்னாடி நிக்கிறோம். கண்ணு வச்ச பஸ்தானே அது? எங்களை மட்டும் தெரியாதா?"

அவர் கூண்டைக் கைகாட்டினார். கூட வந்த ஆள் கூண்டைக் கழற்றினான். சவரிமுத்து இடது கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. கட்டில் சட்டத்தை ஓங்கி ஓங்கித் தட்டினார். தப்பு, தப்பு, தப்பு. அந்தக் கட்டடத்தில் அந்த மொழி அமலுவுக்கு மட்டும்தான் தெரியும். கூண்டு படி இறங்கி மறைந்ததும் கீழேயிருந்து விசில் கேட்டது. தெருவில் ஒரு பஸ் நின்று, காத்திருந்துவிட்டுப் போனது.

மறுநாளிலிருந்து பஸ் பழையபடி பறந்தது. அந்த வியாழன் சவரிமுத்து நாற்காலியில் குளித்து உடுத்தி உட்கார்ந்திருந்தார். பஸ் போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுத்த வியாழன் குளிக்க மறுத்துவிட்டார்.

அமலு டிப்போவுக்குப் போனாள். பாலம் வரை நடந்து, ரெண்டு பஸ் மாறி, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தாள். பார்கவி முகம் வாடியிருந்தது.

"வந்ததுலேருந்து அது வாயே திறக்கலைம்மா. பழைய ரெக்கார்டிங்ல உங்க வீட்டுக்காரர் விசிலைத் தேடி எடுத்து ஸ்பீக்கர்ல போட்டோம். தலையைத் திருப்பிக்கிச்சு."

"உங்க பஸ் மாதிரிதான் அதுவும். ஸ்பீக்கரை நம்பாது."

பார்கவி சிரித்தாள். பின்னாலேயே வந்த ரகுநந்தன் சிரிக்கவில்லை. "பறவை விசில் அடிக்காதுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. அப்போ அடிச்சது மனுஷங்க. கேமராவை ஏமாத்தி யாரோ அடிச்சிருக்கீங்க. ஏ பிளாக் மொத்தத்துக்கும் ஒரு வருஷத் தடைக்கு எழுதிட்டேன்."

தடை தனக்கு மட்டும் வந்தால் அமலுவுக்குப் பரவாயில்லை. மும்தாஜ் என்ன செய்வாள்? பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்ளவும் வழியில்லாமல் நாற்பது பேர் பிழைப்பு போய்விடும். வியாழக்கிழமை என்ற ஒன்றே சவரிமுத்துவுக்கு இல்லாமல் போய்விடும். அடிக்காத விசிலுக்கு இந்த தண்டனையா? பயம் எவ்வளவு வேகமாக வந்ததோ அவ்வளவு வேகமாக வடிந்தது. பின்னாலேயே கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நான் பார்க்கணும் அதை."

கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. கீழே டிப்போ முற்றம். மதிய ஷிப்டுக்கு பஸ்கள் வரிசையாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. சில்லறை அவளைப் பார்த்ததும் கோணல் காலை இழுத்துக்கொண்டு கம்பிக்கு ஓடி வந்து தலையைக் கொடுத்தது. அவள் கொண்டையைச் சொறிந்தாள். இளைத்திருந்தது. சத்தமே போடவில்லை.

"பாத்தீங்களா? உங்களைப் பார்த்தும் அடிக்கலை" என்றார் ரகுநந்தன்.

"என்னைப் பார்த்தா அடிக்காது சார். பார்த்துட்டு நான் மறைஞ்சாத்தான் அடிக்கும்."

"அப்படியா? அப்போ வெளிய போங்க. அதையும் பார்த்துடலாம்."

அமலு ஜன்னலைப் பார்த்தாள். "ரொம்பப் புழுக்கமா கீது. பாவம், வாயில்லா ஜீவன். அதைக் கொஞ்சம் தொறந்து வைங்களேன்."

பார்கவி அவளைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கீழே கிளம்பிக்கொண்டிருந்த பஸ்களையும் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். மூவரும் வெளியே வந்ததும் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அமலு வராந்தாவில் நிற்கவில்லை. படி இறங்கி, முற்றத்தைத் தாண்டி, வாசல் வேப்பமரத்தடியில் இருந்த சிமெண்டு பெஞ்சுக்கு நடந்தாள். அவள் மரத்துக்குப் பின்னால், ஜன்னலுக்குத் தெரியாமல் மறைந்தாளோ இல்லையோ, மேலேயிருந்து விசில் கிழித்துக்கொண்டு வந்தது.

வாசலில் தலையை நீட்டிய பஸ் நின்றது. அதன் பின்னால் வந்தது நின்றது. முற்றத்தில் திரும்பிக்கொண்டிருந்ததெல்லாம் திரும்பியபடியே நின்று கதவைத் திறந்தன. கிளம்பு என்று சொல்ல யாரும் இல்லாமல் காத்திருந்தன. காத்திருப்பு முடிந்து முதல் பஸ் மெல்ல நகர்ந்தது. மேலேயிருந்து மறுபடி விசில். மறுபடி நின்றது. வெளியிலிருந்து டிப்போவுக்குத் திரும்பி வந்தவையும் வாசலுக்கு எதிரே சாலையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டன. சில்லறைக்கு பஸ்ஸைப் பற்றி என்ன தெரியும்? போனவள் திரும்பி வரவில்லை, அதுதான் அதற்குத் தெரிந்தது. தொண்டை உள்ள வரை கூப்பிட்டது.

ரகுநந்தனின் ரெண்டு போன்களும் அடித்தன. "ஜன்னலைச் சாத்துங்க! சாவி எங்க?" என்று கத்தினார்.

"இங்கதான் சார் வச்சேன்" என்று பார்கவி பையைத் துழாவினாள். "எந்தப் பைனுதான் தெரியல."

அவர் மூச்சு வாங்க பெஞ்சுக்கு ஓடி வந்தார். "உள்ள வாங்கம்மா. உங்களைப் பார்த்தா வாயை மூடிடும். ஊரே நின்னு போச்சு."

"நிறுத்தம்" என்றாள் அமலு.

"அதெல்லாம் உடனே ஆகிற காரியமா? போதிய கோரிக்கை..."

"நாப்பது பொம்பளைங்க கேட்டோம், உங்க காதுல வுழல. இப்ப ஒரு குருவி கேக்குது. அதுக்காவது பதில் சொல்லுங்க." அவள் பெஞ்சில் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "அடிச்சது யாருன்னு இப்ப நிரூபணம் ஆயிடுச்சா சார்? அந்தத் தடையையும் கிழிச்சிப் போடுங்க. நான் எங்கயும் போகல. இன்னிக்கி எனக்கு லீவு."

அவர் அவளைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். வாசலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற தன் பஸ்களைப் பார்த்தார். பிறகு ஒரு போனை எடுத்து மேலிடத்தில் யாரிடமோ கெஞ்சினார், அப்புறம் பார்கவியிடம் கத்தினார். பார்கவி தன் கையிலிருந்த திரையில் எதையோ தட்டிவிட்டு, ஓடி வந்து அமலுவிடம் காட்டினாள். நீலக் கோட்டில், மேம்பாலத்துக்கு அடுத்து, ஒரு புள்ளி முளைத்திருந்தது. புதுவாழ்வு நகர்.

"பறவை?"

"எடுத்துட்டுப் போங்க தாயே!" என்றார் ரகுநந்தன்.

அதற்குள் சாவி கிடைத்துவிட்டது. கூண்டைத் தூக்கிக்கொண்டு அமலு வெளியே வரும்போது பார்கவி வாசல் வரை கூட வந்தாள்.

"மனுஷங்க விசில் அடிச்சா இன்னமும் குற்றம்தான்மா. அதை மாத்த என்னால ஆகலை." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அந்தப் புகார் எல்லாம் முதல்ல என் மேசைக்குத்தான் வரும். எனக்கு சாவி தேடவே எவ்வளவு நேரமாகுதுன்னு நீங்களே பாத்தீங்க."

அடுத்த வியாழக்கிழமை பஸ் யாரும் கூப்பிடாமலே பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மும்தாஜ் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சவரிமுத்துவை ஏற்றினார்கள். அவர் கையைக் காட்டி, பின்கதவுக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார வைக்கச் சொன்னார். அது எதற்கான சீட் என்று யாரும் கேட்கவில்லை. கதவு மூடி பஸ் நகர்ந்தது. தண்ணீர்த் தொட்டியின் தூண் பால்கனியை மறைத்தது.

விசில். நீளமாக ஒன்று, வாலோடு.

பஸ் நின்றது. கதவு திறந்தது. காத்திருந்தது.

"ஐயோ, அதை உள்ள வச்சிட்டு வந்திருக்கலாமே அக்கா" என்றாள் மும்தாஜ். "எட்டு மணிக்கு எனக்கு ஷிப்டு."

அமலு பதில் சொல்வதற்குள் சவரிமுத்து வாயிலிருந்த துண்டை எடுத்தார். எடுத்து மடியில் போட்டார். இடது கையின் ரெண்டு விரலால், தொங்கிய வலது உதட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டார். ஊதினார். ஒன்று காற்றாகப் போனது. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி ஊதினார். சின்னதாக, கிழிந்து, எச்சிலோடு, ரெண்டு விசில்.

பஸ் கிளம்பியது.

கூரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. "மனித விசில். சட்ட மீறல் பதிவாகிறது. விசில் அடித்தவர் பெயரைச் சொல்லவும்" என்றது குரல். பெண்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"சவ...ரி...முத்து" என்றார் அவர். நாக்கை ஒரு முறை உருட்டிச் சரிசெய்துகொண்டார். "கண்டக்டர்."

அந்தச் சொல் ஒரு குழறலும் இல்லாமல் வந்தது. அமலுவுக்குக் கண் நிறைந்து எதிரே எதுவும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, தூரத்திலிருந்து சில்லறையின் விசில் மறுபடி காற்றில் வந்தது. பஸ் நின்றது. சவரிமுத்து விரலை உதட்டுக்குக் கொண்டுபோனார். ஆனால் மூச்சு வாங்கியது.

"இரு, நீ கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கோ" என்று அமலு எழுந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிவப்பு விளக்குக்கு நேர் எதிரே போய் நின்று, அதை நிமிர்ந்து பார்த்தபடியே உதட்டைக் குவித்து ரெண்டு விசில் அடித்தாள். அத்தை அடித்த இடம் இன்னும் வலிக்கிறதா என்று பார்த்தாள். வலிக்கவில்லை.

"மனித விசில். சட்ட மீறல் பதிவாகிறது. பெயரைச் சொல்லவும்."

"அமலோற்பவம்" என்றாள். "ஏ பிளாக், முதல் மாடி. பால்கனியில கூண்டு தொங்குற வீடு. நல்லா எழுதிக்கோ."